முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பஸ் பயணம்

அன்புள்ள மகளுக்கு,

இந்த மாதத்துக்குள் வீடு பிடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். அறை, சமையலறை, வெளிச்சம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆனால் ஒரு படத்தில்கூடத் தெரு இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் எனக்காக ஒன்று செய். அந்தப் பகுதி வழியாகப் போகும் சாதாரண நகரப் பஸ்ஸில் ஏறி, நடைபாதைப் பக்கத்துச் சன்னலோரம் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வா. கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

சுரங்க ரயில் சீக்கிரம் போகும் என்பாய். போகும், ஊரைக் காட்டாது. நடந்தால் ஒரு தெரு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பேட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கால் போதாது. பஸ் நின்று நின்று போகிறது. அது நிற்கும் இடமெல்லாம் ஆட்கள் கூடும் இடம். இருக்கை உயரமாக இருப்பதால் நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு மேலாக மாடிப் பலகைகள் வரை கண்ணுக்கு எட்டும். திரும்பி வரும்போது எதிர்வரிசைக் கடைகளும் கிடைத்துவிடும்.

முதலில் கடைகளைக் கொண்டு அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார். எழுதுபொருள் கடை, பொம்மைக் கடை, சைக்கிள் பழுது பார்க்கும் கடை அடுத்தடுத்து வந்தால் பிள்ளைகள் உள்ள வீடுகள் நிறைய. மூக்குக்கண்ணாடி, பல் மருத்துவர், காது கேட்கும் கருவி, ஊன்றுகோல் என்று வந்தால் முதியவர்கள் அதிகம். ஒரே பலகையில் இரண்டு மூன்று எழுத்து வகைகளும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடைகளும் தெரிந்தால் உன்னைப் போல் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் வாழும் இடம். புதிதாகப் போய்ச் சேருகிறவளுக்கு அப்படிப்பட்ட பகுதி நல்லது என்பது என் எண்ணம். அங்கே வழி கேட்கக் கூச்சப்பட வேண்டியிருக்காது.

சில கடைகள் கூட்டமாக இருக்கும், சில தனித்தனியாக இருக்கும், அதையும் கவனி. மருத்துவமனையைச் சுற்றி மருந்துக் கடையும் பரிசோதனைக் கூடமும், கல்லூரி வாசலில் நகல் எடுக்கும் கடையும் வந்துவிடும். அறைகலன் கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் போட்டியாளர் பக்கத்திலேயே கடை போடுவார்கள். பெரிய செலவு செய்ய வருகிறவர்கள் நாலு கடை ஏறி இறங்கித்தான் வாங்குவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஹரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1929இல் இதற்கு இன்னொரு விளக்கம் தந்தார். நேரான ஒரு தெருவில் இரண்டு வியாபாரிகள் ஒரே பொருளை விற்றால், ஒவ்வொருவரும் மற்றவர் பக்கத்து வாடிக்கையாளரையும் இழுக்கப் பார்த்து நகர்ந்து நகர்ந்து, இருவரும் நடுவில் அருகருகே வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

உனக்கு அதைவிடப் பயன்படக்கூடியது வால்ட்டர் கிறிஸ்டாலர் சொன்னது. அந்த ஜெர்மானியப் புவியியலாளர் தென் ஜெர்மனியின் ஊர்களை ஆராய்ந்து 1933இல் எழுதினார். அடிக்கடி வேண்டிய பொருளுக்கு யாரும் தொலைவு போக மாட்டார்கள். எப்போதோ வாங்கும் பொருளுக்குப் போவார்கள். அதனால் சின்னக் கடைகள் எங்கும் பரவியிருக்கும், பெரியவை சில மையங்களில் மட்டும் இருக்கும். நீ பார்த்திருக்கும் வீட்டுக்கு இரண்டு நிறுத்தங்களுக்குள் மளிகை, மருந்து, காய்கறி, சலவை இந்த நான்கும் வருகின்றனவா என்று பார். நகைக்கடையும் சோபாக் கடையும் மட்டும் வரிசையாக இருந்தால் அது மற்றவர்கள் வந்து வாங்கிவிட்டுப் போகும் தெரு. இரவு உனக்குத் தலைவலி மாத்திரை வேண்டியிருந்தால் அந்தத் தெரு உதவாது.

பழுது பார்ப்பவர்களைத் தவறாமல் தேடு. செருப்புத் தைப்பவர், பூட்டு சாவி செய்பவர், கடிகாரம் சரிசெய்பவர், தையற்காரர். இவர்களுக்கு வருமானம் குறைவு, இடம் கொஞ்சம் போதும். வாடகை ஏறினால் முதலில் வெளியேறுவதும் இவர்கள்தான். சிலர் முதலில் மாடிக்குப் போவார்கள், அதனால்தான் மாடிப் பலகைகளையும் படிக்கச் சொல்கிறேன். அவர்கள் இன்னும் தரைத்தளத்தில் இருக்கிறார்கள் என்றால் அங்கே வாடகை இன்னும் தாங்கும் அளவில் இருக்கிறது. பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்து, மீதிக் கடைகளில் எல்லாப் பலகையும் புத்தம் புதிதாக இருந்தால், உன் வீட்டுக்காரரும் அடுத்த ஆண்டு வாடகையை ஏற்ற நினைப்பார்.

ஒரு முறை பகலில் போனால் போதாது, அம்மா. இருட்டிய பிறகும் போ. நீண்ட மதிற்சுவரும், பெரிய வணிக வளாகத்தின் முதுகுப்புறமும், மேம்பாலத்தின் அடியும் பகலில் ஒன்றும் தோன்றாது. இரவில் நிறுத்தத்தில் இறங்கி அதே சுவரோரம் தனியே நடக்க வேண்டியவள் நீ. நியூயார்க்கில் வாழ்ந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் இதை அழுத்தமாக எழுதினார். தெருவைப் பாதுகாப்பாக வைத்திருப்பது போலீஸ் மட்டும் அல்ல. வாசலைப் பார்த்தபடி இருக்கும் கடைக்காரர்களும் அங்கே வந்துபோகிறவர்களும்தான் என்றார். பழைய கட்டடங்களில் வாடகை குறைவு என்பதால் புதிய முயற்சிகளுக்கு அவையே இடம் தருகின்றன என்றும் சொன்னார். எத்தனை கடைகளில் விளக்கு எரிகிறது, கல்லாவில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, நிறுத்தத்துக்கும் உன் வீட்டு முனைக்கும் இடையில் திறந்த கடை ஒன்றாவது உண்டா என்று பார்த்துக்கொள்.

பஸ்ஸில் நேரம் வீணாகிறது என்று அலுத்துக்கொள்ளாதே. 1662இல் பாரிஸில், கணித மேதை பாஸ்கலின் முயற்சியால், குறித்த வழியில் குறித்த கட்டணத்தில் பொதுக் குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, படைவீரர்களும் வேலையாட்களும் கூலிகளும் அவற்றில் ஏறக்கூடாது என்று அந்நகர நீதிமன்றம் தடை போட்டது. பின்னாளில் அந்த வண்டிகளே நின்றுபோயின. இன்று டிக்கெட் எடுத்த எவருக்கும் அந்தச் சன்னல் கிடைக்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

உன்னோடு வந்து வீட்டைப் பார்க்க எங்களால் இப்போது முடியாது. வீட்டுத் தரகர் மிகவும் நல்லவராக இருக்கலாம்; ஆனால் அவர் காட்டும் நேரத்தில், அவர் காட்டும் வழியில்தான் நீ பார்க்கிறாய். பார்த்துவிட்டு எனக்கு விவரமாக எழுது: எந்த எண் பஸ், இரவில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, நிறுத்தத்துக்கு எதிரில் என்ன கடை, அது எத்தனை மணி வரை திறந்திருக்கிறது. இவை தெரிந்தால் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். நானும்தான்.

அன்புடன்,
அப்பா