அறைக்குள் வந்து உட்கார்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. மறுநாளே பதில் எழுத உட்கார்ந்து பாதியில் நிறுத்திவிட்டேன். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லை, அரட்டை அறைகளில் சேர்ந்தால் உதவுவார்கள் என்கிறார்கள், அதெல்லாம் நமக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். சரிப்படும். எனக்குச் சரிப்பட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அதற்கு முன் என் செய்தி. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் வித்தியாசம் இப்போது திரையில் பளிச்சென்று தெரிகிறது. போன வருடம் சொன்னேனே, தமிழ்க் குறுக்கெழுத்துக் கட்டம் அமைக்கும் நிரல், அது ஒருவழியாக வேலை செய்கிறது. 11க்கு 11 கட்டத்தைத் தானே நிரப்பிவிடுகிறது. அதற்குக் காரணமே ஒரு அரட்டை அறைதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குறுக்கெழுத்தில் ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்து. "வணக்கம்" என்றால் நமக்கு ஐந்து எழுத்து. நான் நிரல் எழுதும் மொழியான பைதானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஏழு என்கிறது. க் என்பதில் உள்ள புள்ளியையும் ம் என்பதில் உள்ள புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது என்பது வரை புரிந்தது. சேர்த்து எண்ண வைப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. இரண்டு இரவு போராடிய பிறகு, ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை ஏற்பாட்டில் பைதான்காரர்கள் கூடும் ஒரு அறைக்குப் போனேன். "யாராவது இருக்கிறீர்களா? ஒரு கேள்வி கேட்கலாமா?" என்று எழுதினேன். ஓரத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருந்தன, ஒருவர்கூடப் பேசவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, வருத்தத்தோடு சன்னலை மூடினேன்.

மறுநாள் மறுபடி போனபோது ஒருவர் என் பெயரைப் பார்த்துவிட்டு எழுதினார்: "நேற்று நீங்கள் போய் இருபது நிமிடம் கழித்துப் பார்த்தேன். கேளுங்கள் என்று எழுதினேன், அதற்குள் போய்விட்டீர்கள்." எனக்கு அது மனதில் அப்படியே பதிந்துவிட்டது. ஐ.ஆர்.சி.யில் நீ அறையில் இல்லாத நேரத்தில் பேசப்பட்டது உனக்கு வந்து சேராது. அந்த நூற்றுக்கணக்கான பெயர்களும் திரைமுன் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. காலையில் அறையைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனவர், தூங்கப் போனவர், வேறு நாட்டில் இப்போதுதான் எழுந்தவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். நடுநடுவே எட்டிப் பார்ப்பார்கள். அதனால் கேட்கலாமா என்று கேட்காதே. கேள்வியை முழுதாக எழுதிவிட்டு, சன்னலைத் திறந்தபடியே வைத்துவிட்டு, உன் வேலையைப் பார். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தாலும் அது உனக்கான பதில்தானே.

அன்று அவர் என்ன செய்தார் தெரியுமா? தமிழில் ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லை எப்படிப் பிரிப்பீர்கள் என்று என்னையே எழுதிக் காட்டச் சொன்னார். ஐந்தாகப் பிரித்துக் காட்டினேன். பைதானோடு வராமல் தனியாக நிறுவிக்கொள்ளும் ரீஜெக்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது என்றும், அதில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் (\X) போட்டால் மனிதர் கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். செய்தேன். ஐந்து என்று வந்தது. முகம் தெரியாத ஒருவர், தன் மொழியே இல்லாத ஒன்றுக்காக, முக்கால் மணி நேரம் என்னோடு இருந்தார்.

சரி, உள்ளே போவது எப்படி என்று சொல்கிறேன். ஐ.ஆர்.சி. பழைய ஏற்பாடு. ஃபின்லாந்தில் ஔலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஒய்காரினென் 1988 ஆகஸ்டில் எழுதியது. இன்றும் அடிப்படை அதேதான்: ஒரு சர்வரோடு இணைகிறாய், ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கிறாய், சேனல் எனப்படும் அறையில் நுழைகிறாய். நிரலாளர்கள் அதிகம் இருப்பது லிபரா சாட் என்ற வலையமைப்பில். முன்பு எல்லாரும் ஃப்ரீநோட் என்ற வலையமைப்பில் இருந்தார்கள். 2021 மே மாதம் அதன் நிர்வாகம் கைமாறிய தகராறில், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் விலகி லிபராவைத் தொடங்கினார்கள். பெரும்பாலான அறைகளும் பின்னாலேயே குடிபெயர்ந்தன.

தனியாக மென்பொருள் நிறுவாமல் உலாவியிலேயே லிபராவைத் திறக்கலாம். முதல் ஒரு மாதத்துக்கு அது போதும். பிடித்துப்போனால் ஐ.ஆர்.சி.க்கென்றே உள்ள மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொள், எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரை பிடிக்குமென்றால் இர்ஸ்ஸி. இணைப்பு எண் கேட்டால் 6697 கொடு, அதுதான் குறியாக்கத்தோடு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி போவது. 6667 என்றும் பல இடங்களில் பார்ப்பாய், அதில் எல்லாம் திறந்தபடி போகும்.

அறையின் பெயர் ஹேஷ் (#) குறியில் தொடங்கும். லிபராவில் ஒரு ஹேஷ் என்றால் அந்த மென்பொருள் திட்டத்துக்கே உரிய அறை, இரண்டு ஹேஷ் என்றால் அந்தப் பொருள்பற்றி ஆர்வலர்கள் கூடும் அறை. சாய்கோடு போட்டு, ஆங்கில எழுத்தில் ஜாயின் என்று அடித்து (/join), அறையின் பெயரைக் கொடுத்தால் உள்ளே போய்விடுவாய். மேலே தலைப்பு வரியில் அறையின் விதிகளும் சுட்டிகளும் (லிங்க்) இருக்கும். அதைப் படிக்காமல் பேசாதே. புனைபெயருக்கு நீ யோசிக்கவே வேண்டாம். கல்லூரியில் நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு வைத்துக்கொண்டாயே, அதையே வை. ஆங்கில எழுத்தில் 16க்குள் அடங்கவேண்டும், அது அடங்கும்.

அந்தப் பெயரை நிக்செர்வ் என்ற பாட்டிடம் (கட்டளைக்குத் தானே பதில் சொல்லும் நிரல்) பதிவு செய்துகொள். பல பெரிய அறைகளில் பதிவில்லாத பெயர்களுக்குப் பேச அனுமதி இல்லை. இதில் நான் செய்த ஒரு தவறு உனக்கு வரக்கூடாது. கடவுச்சொல்லோடு அந்தக் கட்டளையை அறைக்குள் அடித்தேன், சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு இடைவெளி விழுந்திருந்தது. இடைவெளி விழுந்தால் அது கட்டளை ஆகாது, சாதாரணப் பேச்சாகிவிடும். என் கடவுச்சொல் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. இரண்டு பேர் உடனே "மாற்றுங்கள்" என்று எழுதினார்கள், கை நடுங்க மாற்றினேன். அறைக்குள் அடிக்காமல், சர்வரின் செய்திகள் வரும் தனிச் சன்னலில் அடி. அப்புறம், உன் இணைப்பின் இணைய முகவரி (ஐ.பி. எண்) மற்றவர்கள் கண்ணில் படக்கூடும். பதிவு செய்தபின் அதை மறைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்.

கேள்வி கேட்பதுபற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. உன் கடிதத்தில் இருந்ததையே எடுத்துக்கொள்வோம். படங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருக்கிறாய், வரிசைப்படுத்தினால் 10 என்பது 2க்கு முன்னால் வருகிறது, அதனால் நானூறு கோப்புகளின் பெயருக்கும் முன்னால் பூச்சியம் சேர்ப்பது எப்படி என்று தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அறையில் போய் "பூச்சியம் சேர்ப்பது எப்படி" என்று மட்டும் கேட்டால் அதற்குத்தான் பதில் கிடைக்கும். "படங்களை எண் வரிசையில் கொண்டுவர வேண்டும், இப்படிச் செய்தேன், 10 முன்னால் வருகிறது" என்று கேட்டுப் பார். பெயர்களை எழுத்துகளாக ஒப்பிடுவதால்தான் அப்படி, ஒன்று என்ற எழுத்து இரண்டுக்கு முன்னால் நிற்கிறது, வரிசைப்படுத்தும்போது பெயரில் உள்ள எண்ணை எடுத்து எண்ணாகவே ஒப்பிடச் சொல் என்று யாராவது ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். ஒரு கோப்பையும் தொட வேண்டாம். எங்கே போக வேண்டும் என்பதைச் சொன்னால்தான் வழி சொல்பவருக்கு வசதி. நாம் பாதி வழி போய் நின்றுகொண்டு, அந்த முட்டுச்சந்தைத் தாண்டுவது எப்படி என்று கேட்கிறோம்.

அப்புறம், வந்த பிழைச் செய்தியை உன் வார்த்தையில் சொல்லாமல் உள்ளபடியே கொடு. "என்னவோ பிழை வருகிறது" என்றால் யாராலும் உதவ முடியாது. முழு நிரலையும் கொட்டாதே. பிழை வருவதற்குத் தேவையான பத்து, பதினைந்து வரி மட்டும் மிஞ்சும்வரை வெட்டிக்கொண்டே வா. இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால், பாதி நேரம் நான் அறைக்குப் போவதற்குள்ளேயே தவறு கண்ணில் பட்டுவிடுகிறது. வெட்டியதை அறையில் ஒட்டாமல், நிரல்துண்டு ஒட்டும் தளம் ஒன்றில் போட்டு அதன் சுட்டியை மட்டும் கொடு. அறையில் பத்து வரி ஒட்டினால் வெள்ளம் என்று சொல்லி வெளியேற்றிவிடுவார்கள். ஒட்டுமுன் ஒருமுறை படித்துப் பார்த்துவிடு, கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ நிரலுக்குள் இருந்தால் எடுத்துவிடு.

ஒரு வரியின் நீளத்துக்கும் எல்லை உண்டு. ஐ.ஆர்.சி.யில் ஒரு செய்தி மொத்தம் 512 பைட் (கணினி எழுத்துகளை அளக்கும் அலகு). உன் பெயரும் அறையின் பெயரும் அதற்குள்ளேயே அடக்கம். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று. நமக்கு ஐந்தெழுத்தாகவும் பைதானுக்கு ஏழாகவும் இருந்த "வணக்கம்", அங்கே 21 பைட். இருபது வணக்கம் சொன்னாலே வரி ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தமிழில் பேசும்போது சின்னச் சின்ன வரியாக உடைத்து எழுது.

மேட்ரிக்ஸ், டிஸ்கார்ட் என்ற வேறு இரண்டு அரட்டை ஏற்பாடுகளைப்பற்றியும் கேட்டிருந்தாய். டிஸ்கார்ட் ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது, 2015இல் வந்தது. மேட்ரிக்ஸ் யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தக்கூடிய திறந்த ஏற்பாடு. இரண்டிலும் நீ இல்லாதபோது பேசியதையும் பின்னால் படிக்கலாம், அந்த ஒரு விஷயத்தில் புதியவர்களுக்கு நிம்மதி. மேட்ரிக்ஸில் எலிமென்ட் என்ற செயலியிலிருந்து தொடங்கு. குறியாக்கம் செய்த அறைகளுக்காக அது ஒரு மீட்புச் சாவி தரும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள், தொலைந்தால் பழைய பேச்சைத் திறக்கமுடியாமல் போகலாம். எதில் சேர்வது என்று ரொம்ப யோசிக்காதே. நீ கற்கும் மொழியின் ஆட்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே போ.

முதல் ஒரு வாரம் பேசாமல் இருந்து கேட்பதில் தவறே இல்லை. யார் எதைப்பற்றிப் பேசுகிறார்கள், எதற்கு அதட்டுகிறார்கள் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். சிலர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார்கள், அது கோபம் இல்லை, அவர்கள் ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்கிறவர்கள். ஒருமுறை ஒருவர் என்னைக் கடுமையாகவே பேசினார். பெயருக்கு முன் அட் (@) குறி உள்ள நிர்வாகி வந்து அவரை நிறுத்தினார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனாலும் அடுத்த நாள் போனேன், போனது நல்லதாயிற்று. உதவியவரைத் தனிச் செய்தியில் துரத்தாதே. அறையிலேயே கேட்டால் அவர் சொல்வது தவறாக இருந்தாலும் இன்னொருவர் திருத்துவார்.

போன மாதம் ஒரு புதியவர் அறைக்கு வந்து, "யாராவது இருக்கிறீர்களா?" என்று எழுதினார். நான் பார்த்தபோது ஆறு நிமிடம் ஆகியிருந்தது, அவர் இன்னும் போகவில்லை. "இருக்கிறேன், கேளுங்கள்" என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த விஷயம்தான், நிரலில் ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும்போதே அதிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தார், அதனால் ஒன்றுவிட்டு ஒன்று தப்பித்துக்கொண்டிருந்தது. பட்டியலின் நகலைச் சுற்றச் சொன்னேன். சரியாகிவிட்டது என்று எழுதினார். அன்று முழுவதும் மனம் நிறைந்திருந்தது. உனக்கும் அந்த நாள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

தினமும் இரவு எட்டரைக்கு மேல் நான் அந்தப் பைதான் அறையில் இருப்பேன். என் பெயரும் கையெழுத்துப் பத்திரிகையில் வைத்துக்கொண்டதுதான், பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய். வந்ததும் எனக்காகக் காத்திருக்காமல் படக் கேள்வியை அறையிலேயே போட்டுவிடு. பதில் வர நேரமானால் சன்னலை மட்டும் மூடிவிடாதே.

அன்புடன்,
உன் தோழி