ஏழாவது கேள்வியில் போன ஐந்து நிமிடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஜி.ஆர்.இ. (வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு) மாதிரித் தேர்வில் கணக்கின் முதல் பகுதியைப் பார்த்தேன். முதல் பத்தும் சரி. கடைசி இரண்டைத் தொடவே இல்லை. ஏழாவதுக்குப் பக்கத்தில் 'ஐந்து நிமிடம்' என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். கணக்கு தெரியாமல் போகவில்லை, அந்த ஒன்றை விட மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

கணக்கில் முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்விக்கு 26 நிமிடம். வகுத்துப் பார்த்தால் கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம் வரும். நீ ஒன்றரை என்றே வைத்துக்கொள், மிச்சம் திரும்பி வருவதற்கு. திரையில் ஓடுவது மீதி நேரம். முதல் பகுதியில் 4, 8, 12 கேள்விகள் முடியும்போது 15, 9, 3 நிமிடம் மீதி இருக்கட்டும். இரண்டாவதில் 5, 10, 15 முடியும்போது பதினெட்டரை, பதினொன்று, மூன்றரை. அந்த இடங்களில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

கேள்வியைப் படித்து அரை நிமிடத்துக்குள் எழுத முதல் வரி கிடைக்கவில்லையா? தோன்றிய விடையைச் சொடுக்கு, பிறகு திரும்பி வர 'மார்க்' பொத்தானை அழுத்து, நகர். தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் எடை ஒன்றுதான், கடினமானதற்கு ஒரு காசுகூட அதிகம் கிடைக்காது.

இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில்தான் நேரத்தைச் சேமிக்கலாம். அங்கே மதிப்பைக் கண்டுபிடிக்க வேண்டாம், எது பெரிது என்று தெரிந்தால் போதும். எக்ஸ் வந்தால் 2 மட்டும் போட்டுப் பார்த்து நிறுத்தாதே. 0, 1, அரை, மைனஸ் 2 எல்லாம் போடு. முடிவு மாறினால் 'சொல்ல முடியாது' என்பதே விடை. இரண்டு பக்கமும் வெறும் எண்கள் என்றால் அந்த விடை வரவே வராது.

வரைபடக் கேள்விகளில் ஒன்றரை நிமிடக் கணக்கு செல்லாது. ஒரே படத்தை வைத்து மூன்று கேள்வி வரும்; முதலாவதில் இரண்டரை நிமிடம் போனாலும் பதறாதே, படத்தைப் படித்த நேரமும் அதில்தான். அச்சில் ஆயிரமா கோடியா, சதவீதமா எண்ணிக்கையா என்று முதலிலேயே பார். அதைக் கவனிக்காமல் மூன்றையும் தப்பாகப் போடுகிறவர்கள் ஏராளம்.

திரைக் கால்குலேட்டரை மவுசால் தட்டுவதற்குள் மனக்கணக்கு முடிந்துவிடும். 840இல் 15 சதவீதமா? 84, அதில் பாதி 42, மொத்தம் 126.

இரண்டாம் பகுதி கடினமாகத் தெரிந்தால் பயப்படாதே. முதலாவதை நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் அப்படி வரும்.

வீட்டிலிருந்தே எழுதப் போகிறாய் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சாதாரணத் தாளுக்கு அனுமதி இல்லை. சின்ன வெள்ளைப் பலகையும் அழிக்கிற மார்க்கரும் இப்போதே வாங்கிப் பழகு. தாளில் இருக்கிற வேகம் பலகையில் உடனே வராது.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வை, முதலில் வரும் அரை மணி நேரக் கட்டுரையிலிருந்தே தொடங்கி, இடைவெளி இல்லாமல் எழுது. கடிகாரம் பார்க்கச் சொன்ன அந்த ஆறு இடங்களிலும் எவ்வளவு நேரம் மீதி இருந்தது என்று குறித்து அனுப்பு.

அம்மா