அருவிப் படங்களுக்குப் பரிசளிக்கும் நடுவர்களுக்கு

மதிப்புக்குரிய நடுவர்களே,

கொழும்பில் நடக்கும் புகைப்படக் கண்காட்சிகளில் அருவிகளெல்லாம் வெள்ளைப் பட்டுத் துணியாகவே தொங்குகின்றன. பரிசும் பெரும்பாலும் அவற்றுக்கே போகிறது. கமராவோடு மலையேறுகிறவர்களில் நானும் ஒருத்தி. இந்த வழக்கத்தை நீங்கள் மாற்ற வேண்டும்.

மெதுவான ஷட்டரே, அதாவது கமராவுக்குள் ஒளியை விடும் திரையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து ஓடும் நீரைப் பட்டுப்போலாக்குவதே, கூடாது என்று சொல்லவில்லை. காடு மூடிய மலையிடுக்கில் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. ஈரப் பாறையிலும் இலைகளிலும் அடிக்கும் பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன் போலரைசர் பில்டர் மாட்டினால் இன்னும் ஒன்றிரண்டு ஸ்டொப் வெளிச்சம் போய்விடும்; ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகிறது. ட்ரைபொட் ஊன்றி, ஷட்டரை மெதுவாக்கியே ஆக வேண்டும். அதற்கு மேலும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்.டி. பில்டர் போட்டுப் பல நொடிகள் திறந்து வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த நொடிகளில் அங்குமிங்கும் தெறிக்கும் நீரெல்லாம் தடம் பதித்து ஒன்றாகக் கலந்துவிடுகிறது. மெலிந்துபோன அருவிகூடப் படத்தில் நிறைந்து கொட்டுகிறது.

நம் நாட்டில் இது சின்ன விஷயமா? 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின், தலவாக்கலை சென்கிளேயர் அருவியில் எவ்வளவு நீர் விழும் என்பது அணையிலிருந்து எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 263 மீற்றர் உயரமான பம்பரகந்த அருவியும் மழையில்லாத மாதங்களில் மெலிந்துபோகிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஊர்களிலும் இருப்பவர்கள் இந்த மெலிவைத் தினமும் பார்க்கிறார்கள். கொழும்பில் மாட்டப்படும் படம் அதை மறைக்கலாமா?

படத்தின் கீழே இடத்தோடு, எடுத்த மாதத்தையும் ஷட்டர் வேகத்தையும் எழுதச் சொல்லுங்கள். 1/500 நொடியில் துளித்துளியாக உறைந்த நீரையும், 1/15 நொடியில் உருவமும் வேகமும் சேர்ந்து தெரியும் நீரையும் ஒதுக்காமல் பாருங்கள். ஒரே இடத்தில் நின்று மழைக்காலத்திலும் வறண்ட மாதத்திலும் எடுத்த இரட்டைப் படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தால் மிகவும் மகிழ்வேன்.

இன்னொன்று. அருவியின் உச்சி விளிம்பில் ஆளை நிறுத்தி எடுத்த படங்களைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே இடுக்கில் வெள்ளம் ஏறிவிடும். பாசி படிந்த பாறையில் ஓடித் தப்ப இடமிருக்காது. ஒரு பரிசுக்காக இளம் பிள்ளைகள் அங்கே போய் நிற்கக் கூடாது.

அடுத்த போட்டி அறிவிப்பிலேயே இவற்றைச் சேர்த்தால், மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும்போதே நாங்கள் முதல் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு புகைப்படக்காரி