அடைப்புக்குறிக்குள் ஊரில்லாத பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளை ஒட்டித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரை, வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வந்து நிற்பதே பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் தீர்க்கும் கடன் என்று முடிகிறது. அந்த வரி என்னை மிகவும் புண்படுத்தியது. மருத்துவ பீடத்துக்குத் தெரிவான மாணவர்களைக் கண்டு பூரித்த ஆசிரியைதான் நான். ஆனால், தெரிவாகாத பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் இருந்தார்கள். அவர்களுடைய தாய் தகப்பனும் பட்டினி கிடந்துதான் படிப்பித்தார்கள்.

என் தகப்பனார் மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில், போடியார் எனப்படும் ஒரு நிலச்சொந்தக்காரரிடம், வயல் வேலைகளைப் பார்க்கும் முல்லைக்காரராக இருந்தவர். 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன பிறகும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதவர். இன்னதாக வா என்று ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. அறுவடை வெட்டுக்கு வந்தவர்களின் கூலி நெல்லை அளந்து கொடுக்காமல், நெல்லடிக்கும் களமான களவெட்டியிலிருந்து ஒரு மூடை வெளியேற விடமாட்டார். அதற்காகப் போடியாரோடு முரண்பட்டு ஒரு போகம் வேலையையும் இழந்தார். எங்களிடம் அவர் எதிர்பார்த்ததும் அந்த நேர்மையைத்தான்.

என் தம்பி சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். இன்றைக்கும் அதே வயல் வட்டையில் குத்தகைக்கு வயல் செய்கிறான். நெல் விலை விழுந்த போகத்திலும் கடன் பட்டாவது கூலியை அன்றன்றே கொடுத்துவிடுகிறான். அம்மா பாயில் விழுந்த பின்பு அவருக்குச் சோறூட்டி, முதுகு துடைத்துவிட்டவர்கள் அவனும் அவன் மனைவியும். உங்கள் கட்டுரையின் கணக்கில் அவன் இன்னும் கடன்காரன்.

சொல்லத் தொடங்கியதால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் மரண அறிவித்தல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் கனடா, லண்டன், சுவிஸ் என்று அடைப்புக்குறிக்குள் ஊர் வருகிறது. தூரத்தில் இருப்பவர்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. போர்க்காலத்தில் உயிர் தப்பப் போனவர்கள் அவர்கள்; அனுப்பிய காசில்தான் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. ஆனால், கூடவே இருந்து மலசலம் அள்ளிய பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியே இல்லை. அம்மாவின் அறிவித்தலிலும் அப்படித்தான் வந்தது. தம்பி அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பற்றியும் திருக்கோவில் கடற்கரைத் தீர்த்தம் பற்றியும் சிறப்பிதழ் போடுகிறீர்கள். நல்லது. என் தகப்பனாருக்காக நானும் அங்கே போய் முழுகுகிறேன். உயிரோடு இருக்கும் தகப்பனைப் பற்றி அந்த இதழ்களில் ஒரு பத்தியைக்கூட நான் கண்டதில்லை.

எங்கள் பகுதி வழக்கம் தாங்கள் அறியாதது அல்ல. பெண் பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது இங்கே பெற்றோரின் வாழ்நாள் வேலை. என் அயலில் ஒரு தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்து உழைத்து அந்த வீட்டைக் கட்டினார். இன்று அதே வளவின் மூலையில், தகரம் போட்ட ஒரு சாய்ப்புக் கொட்டிலில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். மகள் படித்தவள், அரச உத்தியோகம் பார்ப்பவள். பட்டம் பெற்றபோது அவளுடைய படத்தைத் தங்கள் பத்திரிகைதான் பிரசுரித்தது. கட்டுரையாளர் சொன்ன கடன் அங்கே தீர்ந்துவிட்டதா, ஐயா?

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது அது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத, அறுபது வயது கடந்த தாயோ தகப்பனோ பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். என் அயல் தாய்க்கு இதைச் சொன்னேன். பிள்ளை மேல் வழக்கா என்று அழுதார், விண்ணப்பிக்கவில்லை. அவருடைய மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதையாவது மற்றவர்கள் அறிய வேண்டும்.

ஆகவே, அந்தச் சட்டத்தின் விளக்கத்தையும் விண்ணப்பிக்கும் முறையையும், வயதானவர்கள் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், ஒரு ஞாயிறு இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கால் பக்கம் போதும். சென்ற ஆண்டும் இதையே கேட்டு எழுதினேன். பதிலும் இல்லை, பிரசுரமும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.