ரிவால்வர் சிலிண்டர் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடு

பாப்பா,

ரிவால்வரில் ஆறு தோட்டாவையும் ஒரேயடியாக நிரப்ப மூன் கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) நல்லதா, ஸ்பீடுலோடர் (தோட்டாக்களைப் பிடித்துத் துளைகளுக்குள் விடும் கருவி) நல்லதா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு "அப்புறம் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பாதி சொல்வதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும், அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு நீ செய்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். 9 எம்எம் தோட்டா விலை குறைவு என்பதற்காக உன் ஸ்மித் அண்ட் வெஸன் 686-க்கு (.357 ரிவால்வருக்கு) இன்னொரு சிலிண்டரை, அதாவது தோட்டா நிரப்பிச் சுற்றுகிற உருளையை, ஆன்லைனில் வாங்கி நீயே மாட்டப்போகிறேன் என்றாயே, அதை மட்டும் செய்யாதே.

கழற்றி மாட்டுவது கஷ்டம் என்று சொல்லவில்லை. வலது பக்கத் தகட்டில் முன்னால் இருக்கும் திருகை எடுத்துவிட்டு, சிலிண்டரைத் திறந்து முன்பக்கமாக இழுத்தால் தாங்கியோடு கைக்கு வந்துவிடும். திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டும், இல்லாவிட்டால் திருகு வாய் போய்விடும். இரண்டு நிமிட வேலைதான். அவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் நானும் ஏமாந்தேன்.

நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது ஒரு துப்பாக்கிச் சந்தையில் பழைய சிலிண்டர் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். நன்றாகச் சுற்றியது, கிளிக் கிளிக்கென்று நின்றது, எனக்கு ஒரே சந்தோஷம். ரேஞ்சில் இரண்டாவது டப்பாவைப் பிரித்துச் சுட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து இடத்தில் நின்றவர் சட்டென்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கையில் ரத்தம். நகக்கண் அளவு ஈயச் சீவல் ஒன்று கன்னத்தில் குத்தி நின்றிருந்தது. அவர் கண்ணாடி போட்டிருந்தார். போடாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடந்தது இதுதான். சிலிண்டரின் துளை குழலுக்கு நேராக வந்து நிற்பதற்கு முன்பே, டிரிகரை இழுத்ததும் தோட்டாவை அடிக்கிற ஹேமர் விழுந்திருக்கிறது. தோட்டா குழலின் பின்பக்க வாயில் உரசி, அதன் ஓரம் சீவப்பட்டு, இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் தெறித்திருக்கிறது. சிலிண்டரைத் தள்ளிச் சுற்றுகிற நகமும் அதன் பின்புறம் இருக்கும் பற்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும், அந்தப் பொருத்தம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் அப்படித்தான். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் நாலு முதல் எட்டுப் பங்கு இருந்தால் நல்லது, பிரிண்டர் தாள் ஒன்றிரண்டின் தடிமன் என்று வைத்துக்கொள். இதையெல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வரை இரண்டு சிலிண்டரோடு விற்கிறார்களே என்று கேட்பாய். .357-க்கு ஒன்று, 9 எம்எம்முக்கு ஒன்று. அவை இரண்டையும் அதே துப்பாக்கிக்கென்று தொழிற்சாலையிலேயே பொருத்திப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள், துப்பாக்கி எண்ணின் கடைசி மூன்று இலக்கம்கூட உபரி சிலிண்டரில் பொறித்திருக்கும். அதில் காலி கேஸை (சுட்டபின் மிஞ்சும் கூட்டை) ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தி வெளியே தள்ளுவதால் 9 எம்எம்முக்குக் கிளிப்பும் தேவையில்லை. உன்னுடையதில் சிலிண்டரின் நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவத் தகடுதான் கேஸின் விளிம்பைப் பிடித்து ஆறையும் தூக்குகிறது. 9 எம்எம் கேஸுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கிடையாது, நட்சத்திரத்துக்குப் பிடி கிடைக்காது. மூன் கிளிப் தேவைப்படுவது இதனால்தான்.

அது பிறந்த கதையும் இதேதான். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராணுவத்துக்கு 1911 பிஸ்டல் போதவில்லை. கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸனும் தங்கள் பெரிய ரிவால்வர்களையே .45 ஏசிபி தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். விளிம்பில்லாத அந்தத் தோட்டாவை மூன்று மூன்றாகப் பிடிக்க அரைவட்டத் தகடு செய்தார்கள், அதுதான் அரைநிலாக் கிளிப். ஆறையும் பிடிக்கிற முழுநிலா பிறகு வந்தது. கிளிப் இல்லாமலே சுட வேண்டும் என்று 1920-ல் தடித்த விளிம்பு வைத்து .45 ஆட்டோ ரிம் என்றே தனித் தோட்டா போட்டார்கள்.

சரி, மூன் கிளிப், ஸ்பீடுலோடர் இரண்டில் உனக்கு எது? போட்டிக்குப் போவது உறுதி என்றால் மூன் கிளிப்தான். சுட்டு முடித்துக் கம்பியைத் தட்டினால் ஒரு சீப்பு வாழைப்பழம் மாதிரி ஆறும் சேர்ந்து வெளியே வரும், ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு நிற்காது. ரிவால்வர் சுடுவதில் பேர்போன ஜெரி மிக்குலெக் 1999-ல் ஆறு சுட்டு, மறுபடி நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு எல்லாவற்றையும் 2.99 விநாடியில் முடித்தது மூன் கிளிப் போட்ட ஸ்மித் அண்ட் வெஸன் 625 ரிவால்வரில்தான். அது .45 ஏசிபி, குட்டையான, தடித்த, உருண்டை மூக்குத் தோட்டா, துளைக்குள் தானாக இறங்கும். உன் ரிவால்வரில் நீ போடுகிற .38 தோட்டா நீளம் அதிகம். கிளிப்பில் தளதளவென்று ஆடும், கேஸ் கம்பெனி மாறினால் பிடிப்பும் மாறும். அதனால் ஒரே கம்பெனி கேஸ், அதற்கேற்ற கிளிப் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கிளிப் ஒரு மயிரிழை வளைந்தாலும் சிலிண்டர் உரசி டிரிகர் கனத்துவிடும். நான் போட்டிக்கு முந்தின ராத்திரி நிரப்பிய ஒவ்வொரு கிளிப்பையும், துப்பாக்கியிலிருந்து கழற்றி வைத்த சிலிண்டரில் போட்டு இறங்குகிறதா, கண்ணாடித் தகட்டின் மேல் தட்டையாக உட்காருகிறதா என்று பார்த்துத்தான் பையில் வைப்பேன்.

வீட்டுக்கும் வாராவாரம் ரேஞ்சுக்கும் மட்டும் என்றால் ஸ்பீடுலோடர் போதும். எச்கேஎஸ் கம்பெனி லோடரில் குமிழைத் திருக வேண்டும், சஃபாரிலேண்டில் அழுத்தினால் விட்டுவிடும், எனக்கு அழுத்துவதுதான் பிடிக்கும், அவசரத்தில் விரல் திருகாது. இடது பக்கப் பிடி தடித்திருந்தால் லோடர் இடிக்கும், பார்த்துக்கொள். ஒரு விஷயம் மறக்காதே. காலி கேஸைத் தட்டும்போது குழல் நேராக வானத்தைப் பார்க்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஒரு கேஸ் நழுவி நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும், சிலிண்டர் மூடவே மூடாது, நகத்தால் நோண்டித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டும் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. உன் இப்போதைய சிலிண்டரையே மூன் கிளிப்புக்கு வெட்டித் தரும் கன்ஸ்மித்கள் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்கள்) இருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்பது ஃபிரேம்தான் (மற்ற பாகங்களைத் தாங்கும் உடல்), அதனால் சிலிண்டரை மட்டும் பார்சலில் அனுப்பலாம். வெட்டிய பிறகும் .38-ஐத் தனித்தனியாகவும் போடலாம், ஸ்பீடுலோடரிலும் போடலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் ஆளை விசாரித்துக் கொடு. 9 எம்எம் சிலிண்டர் வேண்டியே ஆகவேண்டும் என்றால், அதையும் முழுத் துப்பாக்கியையும் கன்ஸ்மித்திடம் கொடுத்துப் பொருத்தி வாங்கு. குழல் .357-க்கானது என்பதால் குறி கொஞ்சம் பரவலாக விழலாம், அதையும் தெரிந்துகொண்டு வாங்கு.

அதுவரை போலித் தோட்டா வைத்துக் கட்டிலுக்கு மேலே பிடித்து நிரப்பிப் பழகு, கீழே விழுந்தால் உருண்டோடாது. உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. அடுத்த மாதம் ஃபீனிக்ஸ் வரும்போது இடைவெளி அளக்கும் என் ஃபீலர் கேஜை எடுத்து வருகிறேன், உன் துப்பாக்கியை ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம். அம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள், அதுவும் வரும்.

அப்பா