உன் இடது கைக்கு ஒரு கிட்டார்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிடும். அதனால் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு சியாட்டிலில் அந்தக் கிட்டார் கடையிலிருந்து வீடியோ காலில் பேசினாய். பேசிக்கொண்டே சுவரிலிருந்து ஒரு நீலக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாய். அதன் கழுத்து உன் வலது பக்கமாக நீண்டிருந்தது. நீ யோசித்து அப்படி வைக்கவில்லை, கை தானாக அப்படி வைத்தது. உடனே "சே, தப்பாப் பிடிச்சிட்டேன்" என்று திருப்பி வைத்துக்கொண்டாய். நீ அப்படிச் சொன்னது அன்று இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்கு ஏழு வயதிருக்கும். நான் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் இருந்த மரக் கிட்டாரை நீயாகவே எடுத்து, இதே மாதிரி கழுத்தை வலது பக்கம் வைத்துக்கொண்டு கம்பியைத் தட்டினாய். நான்தான் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். சாப்பிடும்போதும் எழுதும்போதும் "அந்தக் கை வேண்டாம்மா" என்று பாட்டி சொன்னதை, நான் கிட்டாரிலும் சொன்னேன். இரண்டு வருஷம் முயன்றாய், அப்புறம் விட்டுவிட்டாய். உனக்கு இசையில் ஆர்வம் இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உன் கையை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அதற்காக உன்னிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன் பாப்பா. இதைச் சொல்லாமல் கிட்டாரைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தொண்ணூறுகளில் உன் ஊரிலிருந்து வந்த அந்தக் கிரஞ்ச் ராக் சத்தம் வேண்டும், எந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம் என்று கேட்டாய். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிரஞ்ச் என்று ஒரு கிட்டார் வகையே கிடையாது. அந்த இசையை வாசித்த பையன்களின் கிட்டார்களில் பலவும் அவர்கள் பிறப்பதற்கு முன்னாலோ, கைக்குழந்தையாக இருந்தபோதோ வேறு யாருக்காகவோ செய்யப்பட்டவை.

தன் பெயரிலேயே கிட்டார் கம்பெனி நடத்திய லியோ ஃபெண்டர் 1958-ல் ஜாஸ்மாஸ்டரைச் செய்தார். பெயரிலேயே இருக்கிறது, ஜாஸ் வாசிக்கிறவர்களை நினைத்துச் செய்தது. அவர்களில் அநேகம் பேர் அதைச் சீண்டவில்லை. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குக்காரர்களின் சர்ஃப் இசை வாசித்தவர்கள்தான் எடுத்துக்கொண்டார்கள். 1962-ல் ஜாகுவார் வந்தது. குரோம் தகடும் ஏகப்பட்ட சுவிட்சுகளுமாக, அன்றைக்கு அந்தக் கம்பெனியின் உயர்ந்த ரகம் அதுதான். 1964-ல் மஸ்டாங், வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கான மலிவு ரகம். 1975-ல் ஜாகுவாரை நிறுத்தினார்கள், 1982-ல் மஸ்டாங்கையும் நிறுத்திவிட்டார்கள். எண்பதுகளில் எல்லாருக்கும் கூர்கூரான உடம்பும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜும் (பிரிட்ஜ் என்றால் கம்பிகள் உடம்பில் ஏறி நிற்கும் பாகம்) வைத்த கிட்டார்தான் வேண்டியிருந்தது. ஃபெண்டரின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரும் கிப்சன் கம்பெனியின் லெஸ் பாலும் வசதியானவர்கள் கைக்குப் போய்விட்டன. யாரும் கேட்காத இந்த ஜாகுவார், மஸ்டாங், ஜாஸ்மாஸ்டர் எல்லாம் அடகுக் கடையில் தூங்கின. நம் ஊர் அடகுக் கடையில் நகை இருக்கிற மாதிரி அங்கே கிட்டார் தொங்கும். காசில்லாத பையன்கள் அங்கேதான் போனார்கள். மாசச்சூசெட்ஸில் டைனோசர் ஜூனியர் குழுவின் ஜே மாஸ்கிஸும், நியூயார்க்கில் சோனிக் யூத்தும் ஜாஸ்மாஸ்டரைப் பிடித்த காலமும் அதுதான். அவர்கள் சியாட்டில்காரர்கள் இல்லை, ஆனால் சியாட்டில் பையன்கள் அவர்களை உற்றுக் கேட்டார்கள்.

நிர்வாணா குழுவில் பாடி, கிட்டார் வாசித்த கர்ட் கோபேன் வளர்ந்த அபர்தீன் உன் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரம்தான். மரம் அறுக்கும் ஊர். 1981-ல் பதினாலாவது பிறந்தநாளுக்கு, சைக்கிள் வேண்டுமா கிட்டார் வேண்டுமா என்று அவருடைய மாமா கேட்டார். பையன் கிட்டார் கேட்டான். கோபேன் எழுதியது வலது கையால், வாசித்தது இடது கையால். உன்னை மாதிரி. இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இடது கைக்காரருக்குக் கடையில் பத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. அதனால் அவர் இடது கைக் கிட்டார் அகப்படும்போது எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் வலது கைக் கிட்டாரைத் திருப்பிக் கம்பி மாற்றிப் போட்டுக்கொள்வார். ஆரம்பத்தில் அவர் நிறைய வாசித்தது யுனிவாக்ஸ் ஹை-ஃப்ளையர். மாஸ்ரைட் என்ற அமெரிக்கக் கிட்டாரைப் பார்த்து ஜப்பானில் செய்த மலிவு நகல். மேடையில் உடைந்தாலும் தாங்கும் விலை.

உலகத்திலேயே தனக்கு மிகவும் பிடித்த கிட்டார் மஸ்டாங்தான் என்று அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நிர்வாணாவின் 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டு வீடியோவில் அவர் வாசிப்பது 1969-ம் வருஷத்து இடது கை மஸ்டாங், நீல உடம்பில் குறுக்கே பட்டைக் கோடு. நீ ஞாயிற்றுக்கிழமை எடுத்தாயே, கிட்டத்தட்ட அதே நீலம். பிள்ளைகளுக்கு என்று செய்த அந்தக் கிட்டார் 2022-ல் ஏலத்தில் ஏறக்குறைய 45 லட்சம் டாலருக்குப் போனது. அந்தத் தொகையைப் படித்ததும் எனக்கு அடகுக் கடைச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

மஸ்டாங்கிலும் ஜாகுவாரிலும் கம்பியின் நீளம் 24 அங்குலம். ஸ்ட்ராட்டில், அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டரில், 25.5. ஒன்றரை அங்குலம்தானே என்று நினைக்காதே. கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும், கம்பி தளர்வாக இருக்கும், வளைக்கச் சுலபம். உன் விரல்கள் சின்னவை, அம்மா விரல்கள் மாதிரி. ஆறு கம்பியையும் பிடித்து அழுத்தும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் மெல்லிய கம்பி போட்டால் தொளதொளவென்று ஆகி சுருதி அலையும். பத்து என்று (மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தை ஆயிரமாக்கினால் பத்துப் பங்கு) தொடங்கும் செட்டுக்குக் கீழே போகாதே, பதினொன்று இன்னும் நல்லது.

ஜாகுவாரில் இன்னொரு தொல்லை உண்டு. பிரிட்ஜைத் தாண்டிக் கம்பி நீளமாகப் போய் வாலில் சேரும், அழுத்தம் போதாது. தடித்த கம்பி போட்டு மெதுவாக வாசிப்பார்கள் என்று நினைத்துச் செய்த அமைப்பு அது. ஓங்கி அடித்தால் கம்பி தடத்தை விட்டுத் துள்ளும். அதனால்தான் பலர் பிரிட்ஜை மாற்றுகிறார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கம்பித் துண்டைத் தட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். சோனிக் யூத் அந்தக் குறையையே இசையாக்கினார்கள்.

கோபேனின் ஜாகுவார் 1965-ல் செய்த இடது கைக் கிட்டார். 1991-ல் ஒரு விளம்பரத்தைப் பார்த்து வாங்கினார். அவர் கைக்கு வரும் முன்பே யாரோ அதன் பழைய பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) கழற்றிவிட்டு ஹம்பக்கர் வைத்திருந்தார்கள். ஹம்பக்கர் என்றால் இரண்டு கம்பிச் சுருள் எதிரெதிராக வேலை செய்து கரண்ட் இரைச்சலை அடக்கும், ஒலியைத் தடிப்பாக்கும். ஜாகுவாரின் சொந்தக் குரல் மெல்லிசு, கண்ணாடி உரசுகிற மாதிரி. ஹம்பக்கர் வைத்து, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் விட்டால்தான் நீ கேட்கிற அந்த உறுமல் வரும். அவர் காலடியில் இருந்த பெடலும் சாதாரணமானதுதான், ஆரஞ்சு நிற பாஸ் டிஎஸ்-1. இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பெடல் என்றதும் மட்ஹனி ஞாபகம் வருகிறது. உன் ஊர்க் குழுதான், 1988-ல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்' என்றே பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒலியை இரைய வைக்கும் இரண்டு ஃபஸ் பெடல்களின் பெயர். தன் கருவியின் பெயரையே தட்டுக்கு வைக்கிற அந்த அன்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிர்வாணாவின் முதல் ஆல்பம் சியாட்டிலில் ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பதிவாளரிடம் பதிவானது. மொத்தச் செலவு 606 டாலர் 17 சென்ட்.

எல்லாரும் ஃபெண்டர் பிடிக்கவில்லை. ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ஜெரி கான்ட்ரெல் கையில் ஜி அண்ட் எல் ராம்பேஜ். லியோ ஃபெண்டர் கடைசிக் காலத்தில் நடத்திய கம்பெனியின் கிட்டார். ஒரே ஒரு பிக்கப், ஒரே ஒரு குமிழ். சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், வேறு ஒன்றும் கிடையாது. பேர்ல் ஜாம் குழுவில் ஸ்டோன் கோஸார்டு லெஸ் பால், மைக் மெக்ரெடி ஸ்ட்ராட். இவை எல்லாருக்கும் தெரிந்த கிட்டார்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவர் கிம் தாயில். சவுண்ட்கார்டன் குழுவின் லீட் கிட்டார். சியாட்டிலில் 1960-ல் பிறந்தவர், அப்பா அம்மா கேரளத்திலிருந்து போனவர்கள். எண்பதுகளில் அங்கே ராக் மேடையில் நம் பக்கத்து முகம் ஒன்று இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை. அவர் குழுவின் பெயரும் உன் ஊரில்தான் இருக்கிறது. ஏரிக்கரையில் காற்றடித்தால் ஊளையிடும் குழாய்ச் சிற்பம் ஒன்று நிற்கிறதல்லவா, அதிலிருந்து வந்த பெயர்.

அவர் வாசித்தது கில்ட் எஸ்-100. பார்த்தால் கிப்சன் எஸ்ஜி போல இரண்டு கொம்பு. அதிலும் பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி நீளமாக ஓடும், அவரும் அங்கே தட்டி வாசிப்பார். ஆறாவது கம்பியை ஈ சுரத்திலிருந்து டி சுரத்துக்கு இறக்கி வைப்பார். அப்படி இறக்கினால் கீழ் மூன்று கம்பியையும் ஒரே விரலால் அழுத்தி பவர் கார்டு என்ற கனத்த சுரச் சேர்க்கையைப் பிடிக்கலாம். அதோடு, அடிக்கம்பி தம்புரா மாதிரி இழுத்துக்கொண்டே நிற்க, மேலே ராகம் போகும். கிட்டார் கைக்கு வந்த முதல் நாளே இதைச் செய்து பார். ஒரு விரலில் வீடு அதிரும்.

எது வாங்குவது? ஜாக்-ஸ்டாங்கும் இருக்கிறது. கோபேன் ஜாகுவாரையும் மஸ்டாங்கையும் ஒட்டிப் படம் போட்டுக் கொடுக்க, ஃபெண்டரில் லேரி புரூக்ஸ் செய்தது. 1994 ஏப்ரலில் கோபேன் போய்விட்டார், அதன்பிறகுதான் கடைக்கு வந்தது. 2021-ல் திரும்பச் செய்தார்கள், இடது கைக்கும் செய்தார்கள். அழகான கிட்டார், ஆனால் கோணலான உடம்பு எல்லார் மடியிலும் உட்காராது. என் மனசு மஸ்டாங்குக்குத்தான் போகிறது. கிட்டாரின் எடை குறைவு, கழுத்து மெல்லிசு, தொல்லையும் குறைவு. பின்னால் வேண்டுமானால் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் வைத்துக்கொள்ளலாம். பழையது என்று யாராவது பெரிய விலை சொன்னால் போகாதே. புதியதே போதும்.

ஆனால் இடது கைக் கிட்டார்தான் வாங்க வேண்டும். சுவரில் இல்லை என்பார்கள். வரவழைத்துத் தரச் சொல், மூன்று வாரம் ஆனாலும் காத்திரு. கையில் வந்ததும் முதலில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி சுருதி சேர்கிறதா பார். குமிழைத் திருகும்போது கரகரவென்றால் சொல்லி மாற்றிக்கொள். கழுத்தின் நுனியில் கம்பிகள் படியும் தடத் துண்டான நட்டில் கம்பி இறுகிப் பிடித்தால் பென்சில் தூள் கொஞ்சம் வை.

முதல் ஒரு மாதம் எல்லாம் தலைகீழாக இருக்கும். நான் வலது கையில் சொல்லித் தந்த விரல் பழக்கம் குறுக்கே வரும். சலிப்பாக இருந்தால் எனக்கு போன் போடு, எந்த நேரமானாலும் பரவாயில்லை. நான் இங்கே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, உனக்கு எப்படித் தெரியும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லித் தருகிறேன். நேற்று ஒத்திகை பார்த்தேன், முடிகிறது.

அப்புறம், வீட்டில் இருக்கும் அந்தப் பழைய மரக் கிட்டாரைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்திருக்கிறேன். வெறுமனே கம்பியைத் திருப்பிப் போட்டால் சேராதாம். நட்டில் தடித்த கம்பிக்கும் மெல்லிய கம்பிக்கும் தனித்தனி அளவில் தடம் வெட்டியிருக்கிறது, பிரிட்ஜில் இருக்கும் எலும்புத் துண்டும் சாய்வாக இருக்கிறது. இரண்டையும் இடது கைக்கு மாற்றிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். பத்து நாள் கேட்டார். டிசம்பரில் நீ வரும்போது உன் அறையில் கட்டில் பக்கத்தில் இருக்கும்.

அம்மா முருங்கைக்கீரைப் பொடி அனுப்பியிருக்கிறாள், வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா