பெட்டியின் மேல் உங்கள் பெயர்

டோர்ட்முண்ட், ஜெர்மனி
8.2.2026, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லாரும் நலமாக இருக்க அழகரை வேண்டிக்கொள்கிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வாட்ஸப்பில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்கு இப்போது கடுதாசி போடுகிறாள் என்று அம்மா கேட்கும். உறைக்குள் மடிக்காமல் வைத்திருக்கும் அந்தத் தாள்தான் காரணம். அதன் அசல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். போட்டோ எடுத்து அனுப்பினால் செல்லாது. தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று ஆனபிறகு, கூட நாலு வரி எழுதாமல் எப்படி இருப்பது? முப்பத்தி நாலு வருஷம் ஊரார் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். பெற்ற மகளிடமிருந்து உங்களுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அது ரொம்ப நாளாக என் மனசில் கிடந்தது.

முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்பு உறுதிமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே வந்து தங்குகிற நாட்களில் சாப்பாடு, தங்குமிடம், உடம்புக்கு முடியாமல் போனால் ஆகிற செலவு, திரும்பிப் போகிற செலவு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கட்டணம் 29 யூரோ. நர்சிங் கல்லூரியில் என்னைச் சேர்த்த அன்று இதே மாதிரி ஒரு தாளில் பெற்றோர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது அப்பா, சந்தோஷத்தில்தான்.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. முன்கூட்டியே நாளும் நேரமும் வாங்க வேண்டும். அதை டெர்மின் என்பார்கள். பல் டாக்டரிலிருந்து பேங்க் வரை இங்கே எல்லாமே டெர்மின்தான். எனக்கு ஏழு வாரம் கழித்துக் கிடைத்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். உங்கள் பாஸ்போர்ட் நகலையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவர் உங்கள் அப்பா என்றால் இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் ஏன் வேறாக இருக்கிறது?" என்று கேட்டார்.

உங்கள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் தாத்தா பெயர். என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் உங்கள் பெயர். நமக்கு இதில் விளக்கவே ஒன்றுமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரோடு வாழ்கிறவர்களுக்கு இது விளங்காத கணக்கு. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான், பாஸ்போர்ட் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருப்பதால் அந்த எழுத்தை விரித்து அதில் எழுதுகிறோம் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். அதில் மேலே தாத்தா பெயர், அதன் கீழே உங்கள் பெயர், அதன் கீழே என் பெயர் என்று எழுதி, ஒவ்வொரு பெயரும் ஒரு படி கீழே இறங்கி அடுத்தவரோடு ஒட்டிக்கொள்வதை அம்புக்குறி போட்டுக் காட்டினேன். பிறப்புச் சான்றிதழையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் எடுத்து வைத்தேன். தந்தை பெயர் என்ற வரியில் உங்கள் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. "அப்படியென்றால் நீங்கள் போகிற இடமெல்லாம் அப்பாவைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள்" என்றார். நான் வரைந்த அந்தத் தாளைக் குப்பையில் போடாமல் என் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 அக்டோபரில் வந்த புதிதில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லவில்லை. கவலைப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன். குடிவந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள். அதைச் சரியாகச் செய்தேன். பதிந்த கொஞ்ச நாளில் 11 இலக்க வரி எண் வீட்டுக்குத் தபாலில் வரும் என்றார்கள். வரவில்லை. மருத்துவக் காப்பீட்டு அட்டை வரவில்லை. பேங்க் கார்டும் வரவில்லை. வரி எண் இல்லாததால் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள் (பிறகு அது திரும்ப வந்துவிட்டது). தினமும் டியூட்டி முடிந்து வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பீட்சா கடை விளம்பரம்தான் கிடக்கும்.

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது அப்பா. ஆள் பெயர், தெரு, கட்டட எண், 5 இலக்க அஞ்சல் எண், ஊர். அவ்வளவுதான் முகவரி. வாசலில் தகரப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு பெயர்த்தகடு. தபால்காரர் அதைப் பார்த்துத்தான் போடுவார். நான் ஒரு துண்டுத் தாளில் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். என் பெட்டிக்கு என் பெயர்தானே என்று நினைத்தேன். உறையின் மேல் இரண்டு பெயரும் இருக்கும், ஆனால் அவர் தேடுவது கடைசிப் பெயரை, அதாவது உங்கள் பெயரை. அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று எல்லாக் கடிதமும் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விட்டது.

கருமாத்தூரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தாலும், கிணற்றடி வீடு, மில்லுக்காரர் வீடு என்று உறையில் இல்லாததையெல்லாம் உங்கள் மனசிலிருந்து சேர்த்துக்கொண்டு சரியான வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். எழுதியவர் பாதி முகவரிதான் போட்டிருப்பார், மீதி முகவரி நீங்கள்தான். இங்கே அப்படி ஓர் ஆளை எதிர்பார்க்க முடியாது. ஊர் பெரிசு, அவர்மேல் குற்றமும் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மூன்றாம் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. எண்பதுகளில் சண்டைக்குப் பயந்து அகதியாக வந்தவர். "இஞ்ச பெட்டியில பேர் இல்லாட்டி நீ இந்த வீட்டில இல்லையெண்டுதான் அர்த்தம், பிள்ளை" என்றார். அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், உங்கள் பெயரைப் பொறித்துத் தகடு வாங்கி மாட்ட வைத்தார். நாலாம் நாள் வரி எண் வந்தது. இப்போது கீழே இறங்குகிற ஒவ்வொரு தடவையும் வரிசையில் உங்கள் பெயரைத்தான் முதலில் பார்க்கிறேன். சின்ன வயசில் உங்கள் பெயரை வாயால் சொல்லக்கூடக் கூச்சப்படுவேன், பள்ளிக்கூடத்தில் கேட்டால் மட்டும் மெதுவாகச் சொல்வேன். இப்போது டெலிபோனில் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்கிறேன். சித்திரையில் பிறந்தீர்கள் என்று தாத்தா அழகர் பெயரை வைத்தார். இவர்களுக்கு 'ழ' வராது, 'அலகர்' என்பார்கள். வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், சுரங்கத் தொழிலாளி. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் நிலக்கரிதான், கடைசிச் சுரங்கத்தை 2018-இல் மூடிவிட்டார்கள். அவர் மூன்று நாள் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகி, வீட்டுக்குப் போகிற அன்று 'ழ'வைச் சரியாகச் சொல்லி விடைபெற்றார்.

வேலையைப் பற்றி அதிகம் எழுதவில்லை, போனில் பேசுவதுதானே. ஒன்று மட்டும் உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். நம் ஊரில் நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்திருந்தாலும், இங்கே பாடத்தை ஒப்பிட்டுப் பார்த்து, எதெது குறைகிறது, அதற்குப் பயிற்சியா தேர்வா என்று எழுதி அனுப்புவார்கள். அந்த முடிவு எனக்கு ஒரு மஞ்சள் உறையில் வந்தது. மஞ்சள் உறை என்றால் சாதாரணக் கடிதம் இல்லை. தபால்காரர் அதைப் பெட்டியில் போடும்போது எந்தத் தேதியில் போட்டார் என்று உறையின் மேல் தன் கையால் எழுத வேண்டும். அந்தத் தேதியிலிருந்துதான் ஒரு மாதக் கெடு ஓடும். அதனால் உறையைக் கிழித்து எறியக் கூடாது. ஒரு தபால்காரர் எழுதும் தேதிக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு பாருங்கள். நான் தேர்வு எழுதி ஜெயித்தது உங்களுக்குத் தெரியும். அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

காகிதம் என்றால் காகிதம்தான் இந்த ஊரில். டிவியே இல்லாத வீட்டுக்கும் ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ என்று கடிதம் வரும். அக்கா வீட்டு அலமாரியில் பெரிய பெரிய ஃபைல்கள், வருஷவாரியாக. அகதி மனு கொடுத்த நாளின் ரசீதுகூட இருக்கிறது. நீங்கள் பிஸ்கட் டின்னில் மணியார்டர் ரசீதுகளை வைத்திருப்பீர்களே, அதேதான். "நாடு விட்டு வந்தவைக்குத் தாள்தான் காணி" என்பார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சத்தம் போடக் கூடாது. அவர் வீட்டில் புட்டு சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அந்தத் தாள் 6 மாதம்தான் செல்லும், அதனால் இந்த மாதமே சென்னையில் விசாவுக்கு மனுக் கொடுக்க நாள் வாங்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். விரல்ரேகைக்கு நீங்கள் நேரில் போக வேண்டும். ராத்திரி பாண்டியன் ரயிலில் ஏறினால் போதும். பென்ஷன் ஆர்டர் நகல், பாஸ்புக்கில் கடைசி மூன்று மாதக் கணக்கு, என் பிறப்புச் சான்றிதழ், பயணக் காப்பீடு எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. விசாக் கட்டணம் 90 யூரோ, ரூபாயில் கட்டலாம், பணம் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். முக்கியமாக, டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே உங்கள் பெயரும் தாத்தா பெயரும் முழுசாக இருக்க வேண்டும். பழக்கத்தில் இனிஷியல் போட்டுவிடாதீர்கள். நான் பட்டது போதும்.

அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டே வாருங்கள். அதை விட்டுவிட்டு வரச் சொன்னால் வர மாட்டீர்கள் என்று தெரியும். ஜூனில் இங்கே ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். பக்கத்து ஊரான ஹம்மில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு நடந்தது, ஈழத்துக்காரர்கள் கட்டியது. கோடையில் தேர் இழுப்பார்கள். தேர்வடத்தை நீங்களும் பிடிக்கலாம். அப்பத்தாவை விட்டுவிட்டு அம்மா வராது. அம்மாவுக்கும் ஒரு நாள் இதே மாதிரி தாள் அனுப்புவேன் என்று சொல்லுங்கள். நெய், பால்கோவா எதுவும் கொடுத்துவிட வேண்டாம், பாலில் செய்ததும் கறியும் கொண்டுவர இங்கே தடை. பருப்புப்பொடியும் மிளகாய் வத்தலும் போதும்.

இது கையில் கிடைத்ததும் போனில் சொல்லிவிடுங்கள். ஆனாலும் நீங்கள் ஒரு பதில் கடிதம் போட வேண்டும் அப்பா. முகவரி உறையின் பின்பக்கம் இருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை, உங்கள் கையெழுத்திலேயே, இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தபால்காரர் அதைப் பார்த்துத்தான் என் பெட்டியில் போடுவார்.

அன்புடன்,
உங்கள் மகள்